மறுமொழி: அம்மாவின் வாய் வறட்சி, உதட்டில் சதை எடுக்க வேண்டுமா?

சாட்ஸ்வர்த் நண்பருக்கு வணக்கம். அம்மாவுக்குப் பல வருட முடக்குவாதம், தண்ணீர் இல்லாமல் சோறு இறங்கவில்லை, கண் உறுத்தல், ரத்தத்தில் ரோ (உடலையே தாக்கும் ஒரு எதிர்ப்புப்பொருள்) நெகட்டிவ். பிறகு உதட்டில் எதற்குச் சதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

ரோ நெகட்டிவ் என்பதால்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ஷோகிரன் நோய்க்கான (நோய் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கி உலர்த்தும் நோய்) 2016 அளவுகோலில் 4 புள்ளி சேர வேண்டும். ரோவுக்கு 3, உதட்டுச் சதைக்கு 3; கண், எச்சில் சோதனைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 3தான். (இது ஆராய்ச்சிக்காக வகுத்தது, டாக்டர்கள் கைகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள்.) கீழுதட்டின் உட்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, பொடிப்பொடி எச்சில் சுரப்பிகள் சிலவற்றை எடுப்பார்கள். அவற்றில் நிணவணுக்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) 50க்குக் குறையாமல் கூட்டமாக அடைந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிலருக்கு உதடு கொஞ்ச நாள் மரத்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்று உங்களுக்குச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். 1933இல் சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விவரித்த 19 பெண்களில் 13 பேருக்கு அம்மாவைப் போலவே மூட்டுவாதம் இருந்தது. ஆனால் வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் வாயை உலர்த்தும். அம்மா அதை எடுக்கிறாரா? காதடியில் வீக்கம் வந்து வற்றாமல் நின்றால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.