கேள்வி–பதில்: பட்டாளத்துக்காரர் முட்டும் பத்து நிமிடப் பயிற்சியும்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கால் முட்டும் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பயிற்சியை முதல் வாரம் வெறியாகச் செய்தார். இப்போது அந்தத் தாளையே தொடுவதில்லை. ‘செய்யுங்க மாமா’ என்றால் கோபம்தான் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முதல் வாரம் வெறியாகச் செய்தார் என்கிறீர்களே, விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பத்து என்று எழுதியிருந்தால் ஐம்பது செய்வது, போதாக்குறைக்குப் பழைய ஞாபகத்தில் பஸ்கியும் டபுள் மார்ச்சும் (அணிவகுப்பு ஓட்டம்) சேர்த்துக்கொள்வது, இதெல்லாம் முன்னாள் படைவீரர்களிடம் சகஜம். முட்டு வீங்கியதும் பயிற்சியால்தான் வலி கூடியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று நினைத்து நச்சரித்தால் காரியம் கெடும்.

அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலை பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, மூன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். பொதுவாகத் தேறுபவை இவை. ஒன்று: கட்டிலில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முட்டுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடிப்பது, 10 தடவை. தொடையில் கை வைத்துப் பார்த்தால் கல் மாதிரி இறுக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். இரண்டு: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி மெதுவாக இறக்குவது, காலுக்கு 10. வேகமாக வீசினால் இடுப்புதான் வேலை செய்யும், தொடை சும்மா இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. கழிவறை, பஸ், கோயில் என்று அன்றாடம் கஷ்டப்படுத்துவது இந்த அசைவுதான். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கை வைத்த மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். இருக்கை 18 அங்குலத்துக்குக் குறைந்தால் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். பாதங்களைச் சற்று பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து எழ வேண்டும். உட்காரும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணிக்கொண்டு இறங்கட்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போயிற்று. எழும்போது முட்டு இரண்டும் உள்ளே மடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் கையை ஊன்றி 5 தடவை போதும். பிறகு 8, 10, அப்புறம் கையை விட்டுவிட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள். மற்ற நாள்களில் மெதுவாக நடை.

பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் படுத்துச் செய்யச் சொல்லாதீர்கள். பயிற்சியை விடத் தரையில் இருந்து எழுவதுதான் அவருக்குப் பெரிய வலி. அந்தப் பயத்திலேயே நாள் தள்ளிப்போகும்.

எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும். காலைக் காப்பிக்கு முன்னால் என்றால் எப்போதும் காப்பிக்கு முன்னால்தான். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் நடக்காது. காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் எண்ணிக்கையையும், 0 முதல் 10 வரை வலி அளவையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ‘செஞ்சீங்களா?’ என்று கேட்க வேண்டாம். ‘இன்னைக்கு எத்தனை மாமா?’ என்று கேளுங்கள். வருஷக்கணக்காக ரிப்போர்ட் கொடுத்துப் பழகியவருக்கு இந்தக் கேள்வி உறுத்தாது.

கேள்வி: முன்னாள் ராணுவத்தான் நான். பயிற்சி செய்யும்போது முட்டு ‘கடக் முடக்’ என்கிறது, வலியும் இருக்கிறது. நிறுத்திவிடவா? இடையில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வந்து பத்து நாள் விட்டுப்போயிற்று.
– வாசகர், ஆலங்குளம்

பதில்: சத்தத்தை விட்டுவிடுங்கள். வலியோ வீக்கமோ கூடாமல் வரும் வெறும் சத்தத்தால் கெடுதல் இல்லை. வலிக்கு ஓர் அளவு உண்டு: செய்யும்போது 10-க்கு 4, 5 வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். ‘வலித்தால்தான் பலன்’ என்ற பட்டாளத்து நியாயம் தேய்ந்த முட்டுக்குப் பொருந்தாது. முட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், ஆடுதசை வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

விட்டுப்போன பத்து நாளையும் சேர்த்துச் செய்ய நினைக்காதீர்கள். பாதி எண்ணிக்கையில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம். பலன் தெரிய ஆறில் இருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்க வேண்டாம். சிறுநீரகம், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆபத்து. படித்துறையில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்கட்டும். பலரும் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள். எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைவது நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டின் சுமையை ஏறக்குறைய நான்கு கிலோ குறைக்கும். (அல்வாவை விடச் சொல்லவில்லை, அளவாகச் சாப்பிடச் சொல்கிறோம்.)

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தவர், இப்போது அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். தூரத்தில் இருந்து எப்படிக் கவனிப்பது?
– வாசகர், பெங்களூர்

பதில்: போன் போதும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முட்டுத் தேய்மானத்துக்குப் படிப்படியான முறை ஒன்றைச் சோதித்தார்கள். முதலில் இணையவழிப் பயிற்சித் திட்டம். அதில் தேறாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேச்சு. அப்படியும் தேறாதவர்களுக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் நேரில். ஓரளவு பலன் கிடைத்தது. நீங்களும் ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு காலண்டர் எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமை விட்டுப்போகிறது, ஏன் என்று கேளுங்கள், திட்ட வேண்டாம். வீடியோவில் நாற்காலிப் பயிற்சியைப் பக்கவாட்டில் இருந்து ஒரு தடவை பாருங்கள், தொப்பென்று உட்காருகிறாரா என்று தெரிந்துவிடும். இரண்டு மாதமாகியும் முன்னேற்றம் இல்லை என்றால், ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் காட்டி பிசியோதெரபிக்கு ரெஃபரல் கேட்கச் சொல்லுங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.