ஙப்பி என்னும் உப்பு மீன் விழுதும் கருவாடும் உள்ள வீட்டில் வயதானவருக்கு உப்பை எவ்வளவு குறைக்கலாம்?

உங்கள் தந்தைக்கு 76 வயது, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுக்கிறார், மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் சமையலில் உப்பை அறவே நிறுத்திவிட்டீர்கள், இப்போது அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் தன்லியினில், எங்கள் பெரியவர்கள் இன்றும் சிரியம் என்றே சொல்லும் ஊரில், 79 வயதான என் தாயாருக்கு ஆறு ஆண்டுகளாகச் சமைத்துப் போடுகிறேன். நீங்கள் செய்ததையே நானும் முதலில் செய்தேன்.

அந்த ஆண்டு சித்திரை வெயிலில் அம்மாவின் சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்திற்காக, சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் நீர் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தவர், சற்று நேரத்தில் குளியலறைப் படியில் விழுந்தார். பரிசோதித்தபோது இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. உப்பைக் குறைத்தது மட்டுமே அதற்குக் காரணம் அன்று. நீர் மாத்திரை, வயிறு நிறையச் சாப்பிடாமை, வெயிலுக்கு வெறும் தண்ணீராகவே குடித்தது ஆகிய எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. முதுமையில் சிறுநீரகம் மிகுதியான உப்பை வெளியேற்றவும் தாமதிக்கிறது, தேவைப்படும்போது உப்பைப் பிடித்துவைக்கவும் தடுமாறுகிறது. ஆகவே முதல் வேலையாக, உங்கள் தந்தையின் மாத்திரைகளில் நீர் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் சோடியம், பொட்டாசியம் அளவுகளை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேக்கரண்டிக்குள் குழம்பில் போடும் உப்பு மட்டுமல்ல, நாள் முழுவதும் எந்த வழியாக உள்ளே போனாலும் அந்த உப்பு அனைத்தும் அடங்கும் என்பதைத்தான் நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது புரட்டாசி மாதம். மருத்துவர் சொன்னபடி காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதிவந்தேன். 160-ஐ ஒட்டியே நின்ற மேல் அளவு, வீட்டில் கவிச்சி இல்லாத அந்த மாதத்தில் 150-க்கு அருகில் இறங்கியிருந்தது. சாம்பாரிலும் பொரியலிலும் உப்பு வழக்கம்போலவே இருந்தது. இல்லாதவை ஙப்பி, மீன் சாறு (புட்டியில் விற்கும் ஃபிஷ் சாஸ்), கருவாடு ஆகிய மூன்றுதான். ஒரு வீட்டின் ஒரு மாதக் கணக்கை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்றாலும், எங்கே கை வைக்க வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். மேசைக்கரண்டி ஒன்று மீன் சாற்றில் ஏறக்குறைய 1400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும் என்பதால், அந்த ஒரு கரண்டியே மூன்றரை கிராம் உப்பு. அதே அளவு சோயா சாற்றில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஙப்பியை மீனிலிருந்து செய்தாலும் கூனியிலிருந்து செய்தாலும், அதைக் கெடாமல் காப்பதே உப்பு என்பதால், உப்புக் குறைந்த ஙப்பியைத் தேடுவது வீண் வேலை. வாங்கும் அளவைத்தான் குறைக்க முடியும். நாங்கள் மாதம் அரை வீசை வாங்கியதைக் கால் வீசையாக்கினோம். அஜினமோட்டோவைப் பற்றி இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அதிலுள்ள சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்பைக் குறைக்காமல் அதையும் மேலே தூவுவதுதான் தவறு. தேநீர்க் கடையில் விற்கும் மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவில் மீனும் வாழைத்தண்டும் இருப்பது நல்லதே, ஆனால் உப்பெல்லாம் அதன் சாற்றில் கரைந்திருக்கிறது. அம்மா இப்போது நூடுல்ஸையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறார். யாரும் சந்தேகிக்காத இன்னொரு பொருள், தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரை. ஒரு மாத்திரையிலேயே சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். மூட்டுவலிக்காக அதை நாள்தோறும் போடுபவராக உங்கள் தந்தை இருந்தால் சாதாரண மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

குறைப்பதை மெதுவாகச் செய்யுங்கள். நாக்கு புதிய அளவுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். வயதாகும்போது சுவையும் மணமும் மங்குவதால், திடீரென நிறுத்தினால் அவர்களுக்குச் சோறு மண்போலத் தெரிகிறது. உப்பு விட்ட இடத்தைப் புளிப்பால் நிரப்பலாம், அதற்கு பர்மாவைப் போல வசதியான நாடு எனக்குத் தெரியவில்லை: சின்பாவ் என்று இங்கே தெருத்தெருவாக விற்பது நம் புளிச்சக்கீரைதான். அதைப் பூண்டு, பச்சை மிளகாய், சிறிது இறாலோடு வதக்கி, வழக்கமான உப்பில் பாதி போட்டபோது அம்மா வித்தியாசம் கேட்கவில்லை. எலுமிச்சையும் வறுத்த எள்ளும் வெங்காயமும் அதே வேலையைச் செய்கின்றன. ஊறுகாயைக் குறைப்பதில் மட்டும் நான் இன்னும் வெற்றி பெறவில்லை.

வயதான காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். 1998-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இரத்த அழுத்த மாத்திரை எடுத்துவந்த 60 முதல் 80 வயதுக்காரர்களிடமே நடத்தப்பட்டது. உப்பைக் குறைத்தவர்களில் கூடுதலானோரால் மாத்திரையின்றிச் சமாளிக்க முடிந்தது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தக் கலப்பு உப்பை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். சாதாரண உப்பு வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள். குறைவாகப் போடும் வீட்டில் அந்தக் கொஞ்சமாவது அயோடின் உள்ளதாக இருக்க வேண்டும்.

உங்கள் தந்தையின் விஷயத்தில் என்னைக் கவலைப்படவைப்பது அழுத்தத்தைவிட அந்தத் தள்ளிவைத்த தட்டுதான். இந்த வயதில் சாப்பாடு குறைந்தால் தசை கரைகிறது, எழுந்து நடக்கும் தெம்பு போகிறது. பாதி உப்பை இன்றே திரும்பப் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு வேளையிலும் மீனோ முட்டையோ பருப்போ இருக்கட்டும், மாதம் ஒருமுறை எடை பாருங்கள். மீன் சாற்றுப் புட்டியை மேசையிலிருந்து எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோங்கள்.

கருவாட்டை ஒரேயடியாக நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, கத்தரிக்காய் நிறையப் போட்டுக் குழம்பு வைக்கிறேன். அன்று குழம்பில் தனி உப்பு கிடையாது, ரசத்திலும் கிடையாது, அம்மா அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்கிறார்.