பெயர்கள் ஏன் அகரவரிசையில் இல்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரைப் பார்த்தேன். கோபுரம் இல்லை, வளைவு இல்லை. கறுப்புச் சுவரில் பெயர்கள் மட்டும். அவையும் அகரவரிசையில் இல்லை. ஒருவரைத் தேட, அங்கே வைத்திருக்கும் தடித்த பெயர்ப்பட்டியலைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இதை ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வரிசைதான் அந்தச் சுவரின் உயிர். 1981இல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவங்கள் வந்தன. தேர்வானதை வரைந்தவர் மாயா லின், யேல் பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவி. வீரர்கள் வீழ்ந்த நாள் வரிசையில்தான் பெயர்கள் வரவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். அகரவரிசை என்றால் ஸ்மித்துகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் அடுக்கி நின்றிருப்பார்கள். தன் மகன் எந்த ஸ்மித் என்று ஒரு தாய் எப்படிக் கண்டுகொள்வாள்? இப்போது, உயிர் தப்பி வந்த ஒருவர் அந்த ஒரு நாளைத் தேடிப் போனால், அன்று தன்னோடு நின்று மடிந்தவர்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

இரு சுவர்களும் கூடும் மூலையைக் கவனித்தீர்களா? 1959 அங்கே தொடங்குகிறது. பெயர்கள் வலப்பக்கமாகப் போகப் போகச் சுவர் தாழ்ந்து தரையில் மறைகிறது. பிறகு இடக்கோடியில் தரையிலிருந்து எழுந்து, 1975இல் அதே மூலைக்கு வந்து சேர்கிறது.

சிலை கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கறுப்பு நிறத்தையே அவமானச் சின்னம் என்று வசைபாடினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் 1984இல் மூன்று வீரர்களின் சிலையைச் சற்றுத் தள்ளி நிறுவினார்கள். அந்தக் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து போனது என்பதில் எனக்குத் தனிப் பாசம் உண்டு. கண்ணாடிபோல் மெருகேற்றிய கல் அது. பெயரைப் படிக்கும்போது அதன்மேல் நம் முகமும் தெரியும்.

ஒவ்வொரு பெயரின் அருகிலும் விரல்நுனி அளவில் ஒரு குறி இருக்கும். இறப்பு உறுதியானவருக்குச் சாய்சதுரம், காணாமற்போனவருக்குச் சிலுவை. பல ஆண்டுகள் கழித்து எலும்புகள் கிடைத்து, ஆள் இன்னார் என்று உறுதியானால், அந்தச் சிலுவையின் மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பினால் சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் செதுக்குவதாக ஏற்பாடு. இதுவரை ஒரு வட்டம்கூடச் செதுக்கப்படவில்லை.