ஆபத்து என்று தெரிந்தும் பதின்ம வயதுப் பையன்கள் ஏன் வண்டியை அப்படி ஓட்டுகிறார்கள்?

"மகனுக்கு 16 வயசு, எவ்வளவு சொன்னாலும் ஆபத்து மண்டையில ஏறல" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருவதில் பாதி இந்த வயசுப் பையன்கள்தான். நான் பார்த்தவரை அவர்களுக்கு ஆபத்து நன்றாகவே தெரியும்.

தனியாக வரும்போது, "அண்ணா, பின் பிரேக் பிடிக்கல, கொஞ்சம் பாருங்கண்ணா" என்பான். பிரேக் ஷூ மாற்றிக் கொடுத்தால் வாசலிலேயே ரெண்டு மூணு முறை மிதித்துப் பார்ப்பான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், உள் தெரு வழியாகத்தான் போவான். அதே பையன் சாயந்திரம் மூணு கூட்டாளிகளோடு வருவான். பிரேக் பற்றிப் பேச்சே இருக்காது. கண்ணாடி ரெண்டையும் கழட்டணும், சைலன்சர் சத்தம் போடணும். "டேய், பின்னாடி வர்ற டிரெய்லர் எப்டிடா தெரியும்?" என்றால், "கண்ணாடி இருந்தா கெத்தா இருக்காதுண்ணா" என்பான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்க மாட்டான், பக்கத்தில் நிற்கிறவனைத்தான் பார்ப்பான்.

காரணம் அங்கேதான் இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு விழும்போது நிறுத்துவதா, ஓட்டுவதா என்பதுதான் ஆட்டம். கூட்டாளிகள் கூட இருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கானது. பெரியவர்களிடம் வித்தியாசமே இல்லை. 2011-இல் ஸ்டெயின்பெர்க் குழு இதே மாதிரி ஆட்டத்தை மூளை ஸ்கேனுக்குள் வைத்து ஆடவிட்டது. நண்பர்கள் வேறு அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, பரிசு கிடைத்தால் துள்ளுகிற மூளைப்பகுதி பதின்ம வயதினருக்கு அதிகமாக வேலை செய்தது.

யோசித்து நிதானிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயசு வாக்கில் ஆகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏறக்குறைய சரிதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், தனியாகப் போகும்போதும் பையன் அப்படித்தானே ஓட்டணும்?

கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் கிளம்பும்போது பாருங்கள். உள்ளே இடம் இருக்கும், ஆனாலும் படியில் தொங்கி, பிளாட்பாரத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே போகிறவன் ஒருத்தன் இருப்பான். அவன் பக்கத்திலேயே செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருத்தன் இருப்பான். அந்தக் காலத்தில் பார்ப்பதற்கு நாலு பேர்தான். இப்போது ரீல்ஸில் ஊரே பார்க்கிறது.

அதனால் விபத்து வீடியோ காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூட்டாளிகள் முன்னால் வைத்துத் திட்டுவது அதைவிட மோசம், அன்றைக்கே வீலிங் அடிப்பான். யாரோடு சுற்றுகிறான் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். நாலு பேர் கைதட்டுகிற இடம் வேறு ஒன்று இருந்தால் ரோட்டில் தேட மாட்டான். வியாசர்பாடியில் ஃபுட்பால், எங்கள் பக்கம் பாக்ஸிங், கேரம் என்று அதற்கெல்லாம் இங்கே பஞ்சமில்லை. ரிங்கில் அடி வாங்குவதும் ரிஸ்க்தான், ஆனால் பக்கத்தில் மாஸ்டர் நிற்பார்.

வண்டி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். 16 வயசில் லைசென்ஸ் கிடைப்பது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான். இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதைவிடப் பெரிசு. 2019 சட்டத் திருத்தப்படி, சின்னப் பையன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதை அவனிடம் நீங்கள் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள், காதில் ஏறும்.