காகிதத்தில் மடித்த கழுகு

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருக்கிறேன், இங்குள்ள நூலகத்தில் தன்னார்வலராக உதவுகிறேன். அண்மையில் குடியேறிய சீனக் குடும்பங்களின் கதைகளை ஒரு சிறு தொகுப்பாகக் கொண்டுவர நினைக்கிறோம். எழுத முன்வருபவர்கள் எல்லாம் இங்கே பிறந்த பிள்ளைகள்தான், அதுவும் ஆங்கிலத்தில். ஓட்டல் சமையலறையில் வேலை செய்யும் பெற்றோரோ "எங்களுக்கு எழுத்தெல்லாம் வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் எழுதுவதையே போட்டால் போதாதா?

அன்புடன்,
குயின்ஸ் வாசகி

அன்புள்ள சகோதரி,

போதாது. பிள்ளைகள் எழுதுவதையும் போடுங்கள், ஆனால் அது அவர்களுடைய கதை. அம்மா நாள் முழுக்க நின்று வேலை செய்தாள் என்று மகள் எழுதலாம். நின்ற நேரமெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அம்மாதான் சொல்ல முடியும்.

எழுத்து வராது என்கிறார்களா, சரி, எழுத்தைக் கேட்காதீர்கள். 1993 ஜூன் 6 அன்று, உங்கள் குயின்ஸின் ராக்அவே கடற்கரையில்தான் 'கோல்டன் வென்ச்சர்' கப்பல் தரைதட்டியது. அதில் அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குள் வர முயன்ற 286 பேர், பெரும்பாலும் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்துக்காரர்கள். இருட்டில் குளிர்ந்த கடலில் குதித்துக் கரைசேரப் பார்த்ததில் 10 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலரைப் பென்சில்வேனியாவின் யார்க் சிறையில் அடைத்தார்கள், சிலர் அங்கே கிட்டத்தட்ட நான்கு வருடம் கிடந்தார்கள். பத்திரிகைத் தாளை மடித்தும், டாய்லெட் பேப்பரைக் கூழாக்கியும் அவர்கள் சிற்பம் செய்ய ஆரம்பித்தார்கள், கழுகு, கூண்டுப் பறவை, படகு என்று. முதலில் அது இலவசமாக வாதாடிய வக்கீல்களுக்கு நன்றிப் பரிசு. அப்புறம் யார்க் ஊர்க்காரர்கள் அவற்றை விற்று வழக்குச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். 1997 பிப்ரவரியில் கடைசியாக இருந்தவர்களும் வெளியே வந்தபோது செய்து முடித்தவை பத்தாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். அந்தச் சிற்பங்களில் பல இன்று நியூயார்க்கில் உள்ள அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் தெரியாதவர்கள், கையில் இருந்த குப்பைத்தாளைக் கொண்டே ஒரு ஊரைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய இலக்கிய நிகழ்வு தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனக் குடியேறிகளைப் பிடித்து வைத்து விசாரித்தார்கள். காத்திருந்தவர்கள் சுவரில் கவிதை எழுதினார்கள், பெயின்ட் அடித்து மறைத்தால் மரத்தில் செதுக்கினார்கள். 1970-இல் கட்டடத்தை இடிக்க இருந்தபோது பூங்காக் காவலர் ஒருவர் கண்ணில் அவை பட்டன, மொழிபெயர்ப்போடு நூலாக வந்தது 1980-இல். பெரும்பாலான கவிதைகளில் எழுதியவர் பெயரே இல்லை. உங்கள் பகுதிக்காரர்களை அத்தனை வருடம் காக்க வைக்காதீர்கள்.

வேலைக்கு வருவோம். மன்ஹாட்டனில் சீனர்கள் வாழும் பழைய சைனாடவுன், தென்சீனத்தின் கான்டனீஸ் மொழி பேசிய ஊர். 1980களுக்குப் பிறகு அங்குள்ள ஈஸ்ட் பிராட்வே தெருவை நிறைத்தவர்கள் ஃபுஜியானின் தலைநகரான ஃபூசோ பக்கத்துக்காரர்கள். அவர்களில் வயதானவர்களிடம் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் கேட்டால்கூடச் சுருக்கமாகத்தான் பதில் வரும், வீட்டுப் பேச்சு வேறு. அதனால் ஃபூசோ பேச்சிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும், திருத்த வேண்டாம். கூட்டத்தை ஓட்டலுக்கு விடுமுறை விடும் நாளில் வையுங்கள், சனிக்கிழமை மாலை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது. கைக்குழந்தையை ஊரில் பாட்டியிடம் அனுப்பிவிட்டு இங்கே உழைத்த தாய்மார்கள் நிறைய இருக்கிறார்கள். அதைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ஒருத்தர் எம்பிராய்டரி துணியோ சமையல் குறிப்போ கொண்டுவந்தால் அதுவும் ஒரு பக்கம்தான். சீனமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும். அவர்கள் சம்மதித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் பெயரை அவர்கள் எழுத்திலேயே அச்சிடுங்கள். விசா விஷயத்தில் பயப்படுகிறவர்கள் புனைபெயர் கேட்டால் மறுகேள்வி வேண்டாம்.

நிதி கிடைத்தால் முதலில் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள், அட்டைப்படத்துக்கு அப்புறம் பார்க்கலாம். புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.