ஆலைக் கழிவால் ஊர்த் தண்ணீர் கெட்டால், சுத்தம் செய்யும் செலவை யார் தருவார்கள்? பல ஆலைகள் என்றால் எப்படிப் பங்கு பிரிப்பார்கள்?

சட்டப்படி கெடுத்தவர்தான் தர வேண்டும். ஆனால் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கம்தான்.

அங்கே 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது, 2004-ல் நின்றது. கிணற்றுத் தண்ணீரில் சமைக்க முடியவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் பெண்கள். அவர்களில் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னால் நின்றார். உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கசடை 2003-ல் சோதித்தபோது காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. அதை வசூலிக்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று 2011-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, அதோடு நின்றுபோனது. செலவை யார் தந்தார்கள் என்றால், வேலைக்குப் போகாமல் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றார்களே, அவர்கள்தான் தந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடந்தது வேறு மாதிரி. கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவைக் கிராமங்களில் கொட்டியிருந்தார்கள். குப்பைக்குள்ளேயே நோயாளிகளின் சீட்டுகள் கிடந்ததால் எங்கிருந்து வந்தது என்பதை மறுக்க முடியவில்லை. மூன்று நாளில் அள்ள வேண்டும் என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. ஆதாரம் கையில் இருந்தால் வேலை எப்படி நடக்கிறது பாருங்கள்.

சரி, பங்கு விஷயம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் (2010) பிரிவு 17-ல் அதற்கு இடம் இருக்கிறது. சேதத்தை ஒரே ஆலையின் மேல் போட முடியாமல், பல ஆலைகள் சேர்ந்து உண்டாக்கியதாக இருந்தால், பொறுப்பை நியாயமான முறையில் தீர்ப்பாயமே பிரித்துக் கொடுக்கலாம். அதனால் "பக்கத்து ஆலைதான் காரணம்" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்க முடியாது. கெடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் அல்லது அவரால் கட்ட முடியாவிட்டால், மத்திய மாநில அரசுகள் செலவை ஏற்க வேண்டும் என்று 2025-ல் வந்த மாசடைந்த இடங்களுக்கான விதிகள் சொல்கின்றன. அதுவும் நம் வரிப்பணம்தான்.

ஆகவே ஆலை ஓடும்போதே ஆதாரம் சேருங்கள். கிணற்று நீராலேயே அலசிய பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதி, நேரம், கிணற்றுக்காரர் பெயர் எழுதி ஒட்டி, பஞ்சாயத்து ஆள் ஒருவரைச் சாட்சியாக வைத்து அரசு ஆய்வகத்தில் கொடுங்கள். லாரித் தண்ணீர் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீடு கேட்பதற்கான காரணம் முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட்டாக வேண்டும். பஞ்சாயத்தும் கலெக்டர் ஆபீசும் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தால் அந்த ஐந்து வருடம் சீக்கிரம் ஓடிவிடும்.