7 வயசுலயே மார்புல கட்டி... பயப்படணுமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 7 வயசு 3 மாசம். போன வாரம் குளிப்பாட்டும்போது இடது பக்கம் மார்புக் காம்புக்கு அடியில சின்னதா ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு, தொட்டா வலிக்குதுங்கறா. கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு. மாமியார் வேற, இன்னும் ஆறு மாசத்துல இவ வயசுக்கு வந்துடுவான்னு சொல்லிட்டாங்க. ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்.

பதில்: முதல்ல நல்லா தூங்குங்கம்மா. இந்த வயசுல அது கேன்சரா இருக்கிறது அபூர்வத்துலயும் அபூர்வம். மார்பு வளர ஆரம்பிக்கிறப்ப காம்புக்கு அடியில பட்டன் மாதிரி கெட்டியா ஒண்ணு வரும், அதை மார்பு மொட்டுன்னு சொல்வோம், தொட்டா வலிக்கும், ஒரு பக்கம் முதல்ல வந்து இன்னொரு பக்கம் கொஞ்ச மாசம் கழிச்சு வர்றதும் சகஜம்தான். தினமும் அமுக்கிப் பாக்காதீங்க, பாவம் குழந்தை. முக்கியமா, யாராவது "கட்டிதானே, வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்"னு சொன்னா சம்மதிக்காதீங்க, அந்த மொட்டை எடுத்துட்டா பின்னாடி அந்தப் பக்கம் மார்பே வளராமப் போயிடும்.

மாமியார் சொன்ன கணக்கும் தப்பு. மொட்டு தெரிஞ்சதிலேருந்து முதல் பீரியட்ஸ் வர பொதுவா ரெண்டு, ரெண்டரை வருஷம் ஆகும். ஆனா பொண்ணுங்களுக்கு 8 வயசுக்கு முன்னாடி மார்பு வளர ஆரம்பிச்சா அதை சீக்கிரம்னுதான் சொல்லணும், அதனால டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். சில குழந்தைங்களுக்கு இந்த மொட்டு வந்து அப்படியே நின்னுடும், சிலருக்கு தானா அமுங்கியும் போயிடும், குண்டா இருக்கிற பிள்ளைங்களுக்கு அது வெறும் கொழுப்பாவே இருக்கும், அதைக் கையால தொட்டுப் பாத்துதான் சொல்ல முடியும். நான் பாக்கிறது அடையாளத்தை விட வேகத்தை. அதனால போறப்ப பழைய உயரக் கணக்கு எது இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க, தடுப்பூசி நோட்டோ ஸ்கூல் ரிப்போர்ட்டோ. வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளந்துட்டிருந்த குழந்தை திடீர்னு 8, 9ன்னு தாவுனா எனக்கு அது எந்த ஸ்கேனை விடவும் பெரிய தகவல்.

இடது கை எக்ஸ்ரே எடுப்பாங்க, எலும்போட வயசு பாக்க. 7 வயசுப் பொண்ணுக்கு எலும்பு 9, 10ன்னு காட்டுச்சுன்னா ஹார்மோன் வேலையை ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். ரத்தத்துல எல்.எச்.ங்கிற, பருவத்தைத் தூண்டுற ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க, சந்தேகமா இருந்தா ஒரு ஊசி போட்டு அடுத்தடுத்து ரத்தம் எடுத்து அது எவ்வளவு ஏறுதுன்னு பாப்பாங்க. 6 வயசுக்குள்ள ஆரம்பிச்ச பொண்ணுங்களுக்கு மூளைக்கு எம்.ஆர்.ஐ. அவசியம், உங்க பொண்ணு வயசுல டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். இன்னொண்ணு, வீட்ல பெரியவங்க யாராவது ஹார்மோன் கிரீம், ஜெல் தடவுறாங்களா? அது குழந்தை தோல்ல ஒட்டியும் இப்படி ஆகும், கேக்காட்டியும் நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: என் பையனுக்கு ஏழரை வயசு. அடியில முடி, வேர்வை நாத்தம், முகத்துல பரு. கிளாஸ்ல அவன்தான் உயரம். வாட்டசாட்டமா வளர்றான்னு எல்லாரும் சந்தோஷப்படுறாங்க, எனக்குத்தான் உறுத்துது.

பதில்: உங்க உறுத்தல்தான் சரி சார். பசங்களுக்கு 9 வயசுக்கு முன்னாடி பருவ மாற்றம் ஆரம்பிச்சா அது சீக்கிரம்தான். பொண்ணுங்களுக்கு சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் காரணமே கிடைக்காது, பசங்களுக்கு அப்படி இல்ல, பின்னாடி ஏதாவது நோய் இருக்கிற வாய்ப்பு அதிகம், அதனால தள்ளிப் போடாதீங்க. டாக்டர் மணி கோத்த மாதிரி உருண்டை உருண்டையா ஒரு அளவுகோல் வெச்சு விரையோட சைஸ் பாப்பார். ரெண்டும் 4 மில்லிக்கு மேல இருந்தா பொதுவா மூளையிலேருந்து சிக்னல் வருதுன்னு அர்த்தம், எம்.ஆர்.ஐ. கட்டாயம். விரை சின்னதாவே இருந்து முடி மட்டும் வந்திருந்தா கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியை சோதிக்கணும். ஒண்ணு மட்டும் பெருசா இருந்தா அங்க ஸ்கேன். உயரம் பத்தி சந்தோஷப்படுறவங்ககிட்ட சொல்லுங்க, இப்ப உயரமா தெரியுறவன் எலும்பு சீக்கிரமா மூடிக்கிட்டு கடைசியில குட்டையா நின்னுடலாம்.

கேள்வி: 6 வயசுப் பொண்ணுக்கு சீக்கிரமே வயசுக்கு வர்றதைத் தள்ளிப் போட மாசா மாசம் ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. பின்னாடி குழந்தை பிறக்குமா டாக்டர்?

பதில்: பிறக்கும்மா. இந்த ஊசி கருப்பையையோ சினைப்பையையோ கெடுக்கிறது இல்ல. மூளை விட்டு விட்டுத்தான் சிக்னல் அனுப்பும், மருந்து அதே சிக்னலை ஓயாம குடுத்துட்டே இருக்கும், கத்திக்கிட்டே இருக்கிற அலாரத்தை வீட்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க இல்ல, அந்த மாதிரி மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி காது கேக்காத மாதிரி உக்காந்துடும். லியூப்ரோலைட், டிரிப்டோரெலின்னு மருந்து பேரு இருக்கும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறதும் உண்டு. முதல் ஊசிக்கப்புறம் லேசா ரத்தம் படலாம், பதறாதீங்க, டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. தேதியை மட்டும் தவற விடாதீங்க, இடைவெளி விழுந்தா பிட்யூட்டரி மறுபடி முழிச்சுக்கும். பொதுவா 11 வயசு வாக்குல நிறுத்துவாங்க, அதுக்கப்புறம் பெரும்பாலும் ஒண்ணு, ஒன்றரை வருஷத்துல பீரியட்ஸ் தானா வந்துடும். 6 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச குழந்தைங்களுக்குத்தான் உயரத்துல நல்ல பலன். 8 தாண்டி மெதுவா போற பொண்ணுக்கு ஊசி தேவையே இல்லாமலும் போகலாம், அதைக் கேட்டா சில பேரு டாக்டர் கவனிக்கலன்னு கோவிச்சுக்கிறாங்க!

கேள்வி: 8 வயசு மகள்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?

பதில்: "உன் உடம்பு கொஞ்சம் அவசரப்படுது, எல்லாருக்கும் வர்றதுதான் உனக்கு முன்னாடி வருது"ன்னு சொன்னா போதும். பாக்க பெரிய பொண்ணா தெரிஞ்சாலும் மனசு 8 வயசுதான், தம்பியோட சண்டை போட்டா "இவ்வளவு பெருசா வளந்துட்டு"ன்னு திட்டாதீங்க. ஸ்கூல் பையில ஒரு பேடும் மாத்து ஜட்டியும் வெச்சுட்டு, கிளாஸ் டீச்சர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லி வைங்க.